இரண்டு குறியெண், ஒரே வீடு: டர்பனில் ஒரு பாட்டி, பேத்தி, இரண்டு மூளைப்பட ஆய்வுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஒரு நிகழ்வின் பதிவு இது. மூளைப்பட ஆய்வுக் குழு ஒன்றில் நினைவாற்றலையும் கவனத்தையும் சோதிக்கும் உளவியலாளராக நான் வேலை செய்கிறேன். குழுவை நடத்தும் ஆய்வாளர், பாட்டி, குழந்தையின் தாய் மூவரிடமும் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். பெயர்களும் மருத்துவமனையும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

ஆய்வாளரின் பாதை

மூளையைப் படம்பிடிக்கும் கலைக்குத் தென்னாப்பிரிக்கா ஒரு தாய்வீடு. 1924இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மாக், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தபோது, 1956இல் குரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரமாகக் கதிரியக்க வேலையைக் கவனிக்கச் சென்றார். கதிர்சிகிச்சைக்குக் கணக்குப் போடுபவர்கள் எலும்பு, நுரையீரல், தசை எல்லாவற்றையும் ஒரே சீரான பொருளாக எடுத்துக்கொள்வதை அங்கே பார்த்தார். உள்ளே எது எவ்வளவு எக்ஸ்ரேயை உறிஞ்சுகிறது என்பதை வெளியிலிருந்தே கணக்கிட முடியுமா என்ற கேள்வி அவருக்கு அங்கேதான் பிறந்தது. 1963, 1964ஆம் ஆண்டுகளில் அவர் விடையை எழுதி வெளியிட்டபோது கவனித்தவர்கள் மிகக் குறைவு. சிடி ஸ்கேனுக்காக 1979இல் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் ஆய்வாளர் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இரண்டு துறைகளுக்கு நடுவில் நின்றதால்தான் கார்மாக்கின் கண்ணில் அது பட்டது என்பார்.

ஆய்வாளரும் அப்படி நடுவில் நிற்பவர்தான். டர்பன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் முதல் பல ஆண்டுகள் குழந்தைகளின் மூளையைத்தான் பார்த்தார். கருவிலேயே மதுவின் பாதிப்புக்கு உள்ளானவர்கள், எச்ஐவியோடு பிறந்தவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக டிபி மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்கள். இந்த நோயில் மூளையின் அடிப்பகுதியைக் கெட்டியான அழற்சிக் கசிவு மூடிக்கொள்கிறது. மூளைநீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது. அந்த வழியே போகும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபட, இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குப் பக்கவாதம் வருகிறது. எந்த இடத்தில் அடைபட்ட குழந்தை பின்னாளில் பள்ளியில் எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தொடர்வதே அவருடைய முதல் ஆய்வு.

இரண்டாவது, முதுமை பற்றியது. மனித மூளையின் வாழ்நாள் வளர்ச்சி வரைபடம் என்று 2022இல் ஒன்று வெளியானது. 1,01,457 பேரின் 1,23,984 எம்ஆர்ஐ ஸ்கேன்களைத் திரட்டிச் செய்த பெரும் வேலை. ஆனால் அதில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவுமே நிறைந்திருந்தன. அந்த அளவுகோலை வைத்து டர்பன் முதியவரின் மூளை வயதுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அதனால் நகரத்து முதியவர்களிடையே ‘நலமாக இருப்பவர்கள்’ என்ற ஒப்பீட்டுக் குழு ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினார். இந்திய வம்சாவளியினரிடையே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மிகுதி என்பதால் அவர்களைத் தனிக் கவனத்தோடு சேர்த்தோம்.

இரண்டும் தனித்தனி ஆய்வுகள். தனித்தனி ஒப்புதல் படிவம், தனித்தனிக் குறியெண். படம் பார்ப்பவருக்குப் பெயர் தெரியாது. ஒரு கோப்பை இன்னொன்றோடு சேர்க்க யாருக்கும் உரிமையில்லை. 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பிறகு இதில் இன்னும் கண்டிப்பு.

குடும்பம்

வீடு சாட்ஸ்வொர்த்தில். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் நகரின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட இந்தியக் குடும்பங்களை அறுபதுகளில் கொண்டுவந்து வைத்த இடம் அது. பாட்டிக்கு 76 வயது. வடகடற்கரைக் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. தமிழ் எழுத்தைக் கோயில் மாலை வகுப்பில் கற்றார். கடைக்கும் கிளினிக்குக்கும் வேண்டிய ஆங்கிலம் பேசுவார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார்.

பேத்திக்கு எட்டு வயது. பிறந்ததும் டிபிக்கு எதிரான பிசிஜி தடுப்பூசி போட்டவள்தான். ஆனாலும் இரண்டு வயதில் விடாத காய்ச்சலும் வாந்தியும் மயக்கமுமாக வந்தாள், டிபி மூளைக்காய்ச்சல். தேங்கிய மூளைநீரை வயிற்றுக்குள் வடிய விடும் ஷன்ட் குழாய் வைத்தார்கள். பிழைத்தாள். வலது கையும் காலும் பலவீனம். படிப்பில் மெதுவு. நான்கு வயதிலிருந்து வலிப்பு, அதற்குக் காலை மாலை வால்புரோயேட் சிரப்.

தாய்க்கு ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை. ஈஸ்டருக்கும் தீபாவளிக்கும் வருவார். அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், ஷிஃப்ட் வேலை. ஆகக் குழந்தையை வளர்ப்பது பாட்டி. குழந்தைக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகையும் பாட்டி பெயரில்தான் வருகிறது. இந்தக் கடைசி விவரம் பின்னால் பெரிதாக வரும்.

கவனித்தவை: குழந்தை

ஓராண்டுக்கும் மேலாக அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்தது. முதலில் மாதம் ஒன்று, பிறகு வாரம் ஒன்று. நரம்பியல் பிரிவில் மருந்தை வேளைக்கு 6 மில்லியிலிருந்து 7.5க்கும், பிறகு 9க்கும் ஏற்றினார்கள். வலிப்பு குறையவில்லை. அதோடு பள்ளியிலிருந்து இன்னொரு குறை வந்தது. சில நாள் மேசையிலேயே தலை வைத்துத் தூங்கிவிடுகிறாள், எழுப்பினாலும் எழுவதில்லை என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

ஷன்ட் வைத்த குழந்தை தூங்கி வழிந்தால் மருத்துவருக்கு முதலில் வரும் பயம், குழாய் அடைத்துக்கொண்டதா என்பதே. உடனே எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளைநீர் அறைகளின் அளவு முந்தைய படத்தில் இருந்தது போலவே இருந்தது. பழைய தழும்புகளைத் தவிர புதிதாக எதுவும் இல்லை.

ரத்தத்தில் மருந்தின் அளவு பார்த்தார்கள். வால்புரோயேட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை வழக்கமான வரம்பு. முதல் முடிவு 50க்கு வெகு கீழே. சில வாரம் கழித்து எடுத்தது 100க்கு மேலே. மருந்து குடித்து எவ்வளவு நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும். அதனால் நேர வித்தியாசம் என்று குறித்து வைத்தார்கள். அப்போது அது நியாயமான விளக்கம்தான். மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று முடிவுகட்டி இரண்டாவது மருந்து சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது.

கவனித்தவை: பாட்டி

குழந்தைகள் பிரிவின் காத்திருப்பு அறையில் முதுமை ஆய்வின் அறிவிப்பைப் பார்த்துத் தானாகவே முன்வந்தவர் பாட்டி. “பாப்பா இத்தனை தடவை அந்த மிஷினுக்குள்ள போய்ட்டு வர்றா, நான் ஒரு தடவை போனா என்ன” என்றாராம்.

அவருடைய ஸ்கேனில் இரண்டு பழைய சிறு அடைப்புத் தழும்புகள் இருந்தன. இடது தலாமஸில் ஒன்று, வலது காடேட் தலைப்பகுதியில் ஒன்று. இரண்டும் மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகள். மூளையின் வெண்பகுதி மாற்றங்கள், அவற்றை 0 முதல் 3 வரை தரம்பிரிக்கும் ஃபசேகாஸ் அளவுகோலில் இரண்டாம் படி. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் வயதுக்கேற்ற அளவில் இருந்தது. ஸ்கேன் அன்று காலை ரத்த அழுத்தம் 172/94. மிஷினைக் கண்ட பயம் என்று குறிப்பு.

நினைவு, கவனம் முதலியவற்றைச் சுருக்கமாகச் சோதிக்கும் மோகா சோதனையில் 30க்கு 19. சோதனை ஆங்கிலத்தில் நடந்தது. ‘ஐந்து ஆண்டுப் படிப்பு, ஆங்கிலம் இரண்டாம் மொழி, எதிர்பார்த்ததே’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. இந்த ஒரு வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பும் மொழியும் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பது உண்மை. குறைந்த படிப்புள்ளவர்களுக்கு மறதிநோய் முத்திரை குத்திவிடக் கூடாது என்று எங்கள் துறையில் பல ஆண்டுகளாகப் போராடியிருக்கிறோம். அந்த நல்லெண்ணமே இங்கே எதிர்த்திசையில் வேலை செய்தது. உண்மையான குறை ஒன்று இருந்தும், படிப்பின் பெயரால் அது கணக்கிலிருந்து தள்ளுபடியானது.

படத்தில் தெரிந்த அடைப்புகளை ஏன் உடனே தெரிவிக்கவில்லை? ஆய்வு விதிகளில் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று உண்டு. கட்டி, ரத்தக்குழாய் வீக்கம், ரத்தக்கசிவு முதலியவை. அறிகுறியில்லாத பழைய அடைப்பு அதில் இல்லை. காரணம், அது அவ்வளவு சாதாரணம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் 2,000 பேரின் ஸ்கேனைப் பார்த்து 2007இல் வெளியிட்ட முடிவில், 7.2 சதவீதத்தினருக்கு இத்தகைய அடைப்புகள் இருந்தன. ரத்தக்குழாய் வீக்கம் 1.8 சதவீதம், தீங்கற்ற கட்டிகள் 1.6 சதவீதம். எல்லாவற்றையும் சொன்னால் நலமாக இருப்பவர்களைப் பயமுறுத்திவிடுவோம் என்பதே பட்டியலைப் போட்டவர்களின் எண்ணம்.

ஒன்றோடொன்று சேர்ந்த இடம்

வாராந்தரப் படம் பார்க்கும் கூட்டத்தில் குறியெண் மட்டுமே உள்ள அந்த ஸ்கேன் வந்தது. தலாமஸ் தழும்பின் இடத்தையும் மோகா மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர், இந்த இடத்தில் அடைப்பு வந்தவருக்குத் திட்டமிடுவதிலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலும் தடுமாற்றம் இருக்க வேண்டுமே, அன்றாடம் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டார். தகவல் தாளில் ‘வீட்டில் வலிப்புள்ள பேரக்குழந்தையைப் பராமரிக்கிறார்’ என்று இருந்தது. முதுமை ஆய்வில் யாரும் இரண்டாம் முறை படிக்காத வரி அது. குழந்தைகள் பிரிவில் இத்தனை ஆண்டுகள் இருந்தவருக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. யார் என்று ஊகிக்கவும் அவருக்கு நேரமாகவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குறியெண்ணைத் திறந்து இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அவர் அதைச் செய்யவில்லை. பாட்டி தன் மூளையைக் காட்டச் சம்மதித்தது முதுமை ஆய்வுக்கு. பேத்தியின் மருத்துவர்களுக்கு அல்ல.

எனக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்தது. குழந்தைக்கு வாரம் ஒரு வலிப்பு வருகிறது, அன்றைக்கே நரம்பியல் பிரிவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றேன். அவர் வேறொரு வழி கண்டார். வலிப்பு கிளினிக்குக்கு வரும் எல்லாக் குழந்தைகளின் பராமரிப்பாளர்களும் அடுத்த வருகைக்கு மருந்துப் பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டுவந்து நர்ஸ் முன்னால் ஒரு வேளை மருந்தை அளந்து காட்ட வேண்டும் என்று பிரிவுத் தலைவரிடம் கேட்டு ஏற்பாடு செய்தார். வலிப்பு அதிகமான குழந்தைகளுக்கு அதே வாரம் முறை. யாரையும் தனியே சுட்டவில்லை, எந்தக் கோப்பும் திறக்கப்படவில்லை. குழந்தையின் பாதுகாப்பு ஒரு வாரத்துக்குமேல் தள்ளிப்போகவும் இல்லை. நான் சொன்ன வழியைவிட இது நல்லது என்று பிறகு ஒப்புக்கொண்டேன். வேறு சில வீடுகளிலும் அளவுத் தவறுகள் இதனால் வெளிப்பட்டன.

அதே நாளில் நெறிமுறைக் குழுவுக்கும் எழுதினார். பழைய அடைப்பு பட்டியலில் இல்லை என்றாலும், ரத்த அழுத்தம் 172 இருக்கும்போது அது மருத்துவம் செய்யக்கூடிய விஷயம், அதைப் பாட்டியிடமே சொல்ல அனுமதி வேண்டும் என்று கேட்டார். கிடைத்தது.

கிளினிக்கில் நடந்ததை நர்ஸோடு நானும் பார்த்தேன். மொழிபெயர்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஆயா, பாப்பாவுக்கு மருந்து யார் குடுக்கறது?”

“நான்தான். வேற யாரு?”

“இன்னைக்குக் காலையில ஆச்சா?”

“குடுத்திருப்பேன்” என்றார், பையைப் பார்த்தபடி.

9 மில்லி அளக்கச் சொன்னோம். கை நடுங்கவில்லை. கண்ணுக்கு நேரே பிடித்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, கோட்டில் சரியாக நிறுத்தினார். அந்த நேரம் பேத்தி தண்ணீர் கேட்டாள். சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் கொடுத்தார், பாவாடையில் சிந்தியதைத் துடைத்துவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, பையிலிருந்து இன்னொரு சிரிஞ்சை எடுத்து, மறுபடி 9 மில்லி இழுத்தார். நிரப்பிய இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நர்ஸ் பேசாமல் ஒன்றை எடுத்து வைத்தார்.

ஒரு நாள் இரட்டை அளவு, இன்னொரு நாள் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் ஒன்றுமே இல்லை. தூக்கத்துக்கும் வலிப்புக்கும், கீழே ஒன்று மேலே ஒன்றாக வந்த ரத்த முடிவுகளுக்கும் காரணம் இதுவே.

தமிழில் மறுசோதனை

பாட்டியின் சம்மதத்தோடு தமிழிலேயே திரும்பச் சோதித்தேன். ஆங்கில எழுத்து வரிசையை நம்பும் பகுதிகளை விட்டு, எண்ணையும் நிறத்தையும் மாற்றி மாற்றி இணைக்கும் சோதனையைக் கொடுத்தேன். தானாக நினைவுகூரச் சொன்னபோது பத்துச் சொற்களில் மூன்று வந்தன. ‘காய்கறி ஒன்று’, ‘சமையல் பாத்திரம் ஒன்று’ என்று குறிப்புக் கொடுத்ததும் எட்டு. செய்தி உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதுதான் சிரமம். ஆல்சைமரில் வழக்கமாகக் குறிப்புக் கொடுத்தாலும் இவ்வளவு திரும்பாது. நிறமும் எண்ணும் மாறும் சோதனையில் பலமுறை நின்றுவிட்டார். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் தடுமாற்றத்தின் சாயல் இது. ஸ்கேனும் அதையே சொன்னது.

பெரிய மகள் பிறகு ஒன்று சொன்னார். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது இருபது வருடமாக அண்டாப் பக்கம் நின்று எல்லோருக்கும் வேலை சொல்வது அம்மாதான். போன வருடம் முட்டிவலி என்று சொல்லி வெளியே உட்கார்ந்துவிட்டாராம். எந்தச் சோதனைத் தாளையும்விட இது எனக்கு அதிகம் சொன்னது.

சொன்ன விதம்

ஆய்வாளர் தானே உட்கார்ந்து தமிழில் சொன்னார். மகளை அறைக்குள் கூப்பிடவில்லை. பாட்டி முழு விவரத்தையும் புரிந்துகொண்டு முடிவெடுக்கக் கூடியவர் என்பதில் எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

அடைப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பாட்டி அமைதியாகக் கேட்டார். கேட்டது ஒரே கேள்வி. “டாக்டரம்மா, பிள்ளையை என்கிட்டருந்து எடுத்துக்குவாங்களா?” உதவித்தொகை நின்றுவிடும், சமூகநல அலுவலர் வந்து குழந்தையைக் கொண்டுபோய்விடுவார் என்ற பயத்தில், மறதி தெரியத் தொடங்கிய நாளிலிருந்தே யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இந்தப் பயத்தை எங்கள் ஒப்புதல் படிவம், கேள்வித்தாள், பட்டியல் எதுவும் எதிர்பார்த்திருக்கவில்லை.

தன்னால் உறுதி சொல்ல முடியாததை ஆய்வாளர் சொல்லவில்லை. மருத்துவமனையின் சமூகநலப் பணியாளரை வரவழைத்தார். உதவித்தொகை குழந்தையின் உடல்நிலையையும் வருமானத்தையும் பொறுத்தது, பராமரிப்பவரின் ஸ்கேனைப் பொறுத்ததல்ல என்று அவர் விளக்கினார். அதன் பிறகே பாட்டி, பேத்தியின் மருத்துவர்களிடம் சொல்லலாம், பெரிய மகளிடமும் சொல்லலாம் என்றார். சின்னவளிடம் மட்டும் தானே நேரில் சொல்வதாகக் கேட்டுக்கொண்டார். “போன்ல சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா.”

இங்கே ஒரு சிக்கல். குழந்தையின் சட்டப்படியான பாதுகாவலர் தாய். மருந்து ஒழுங்காகப் போகவில்லை என்பதை அவரிடம் மறைக்க முடியாது. எனவே மருந்து விஷயத்தை நரம்பியல் மருத்துவர் அன்றே தொலைபேசியில் சொன்னார். ஸ்கேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை ஈஸ்டர் விடுமுறையில், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்த மகளிடம் பாட்டியே சொன்னார்.

தொடர்ந்து நடந்தவை

குழந்தையின் மருந்து பழையபடி 6 மில்லிக்கு இறங்கியது. இரண்டாவது மருந்துப் பேச்சு கைவிடப்பட்டது. பெரியம்மா வாரம் ஒருமுறை சிரிஞ்சுகளில் மருந்தை அளந்து, கிழமை எழுதிய பெட்டியில் அடுக்கி வைப்பதென்று முதலில் யோசித்தார். சிரப்பை அப்படி நாள்கணக்கில் சிரிஞ்சில் வைப்பது சரியல்ல என்று மருந்தாளுநர் தடுத்தார். கடைசியில், மாலை மருந்தைப் பெரியம்மா வந்து கொடுப்பது, காலை மருந்தைப் பாட்டி கொடுத்துச் சுவர்க் காலண்டரில் உடனே கோடு போடுவது என்று ஆயிற்று. வீட்டில் ஒரே சிரிஞ்சு. மீதியை எடுத்துவிட்டார்கள். 6 மில்லிக் கோட்டில் சிவப்பு டேப்.

அடுத்தடுத்த ரத்த முடிவுகள் வரம்புக்குள் வந்தன. வலிப்பு முற்றிலும் நிற்கவில்லை, சில மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. பழைய தழும்புள்ள மூளையில் அது எதிர்பார்க்கக்கூடியதே. பள்ளியில் தூங்குவது நின்றது.

பாட்டிக்கு ஈசிஜியில் இதயத் துடிப்புக் கோளாறு இல்லை. ரத்த அழுத்த மாத்திரை மாற்றப்பட்டது. அதையும் அவர் ஒழுங்கில்லாமல்தான் சாப்பிட்டுவந்திருக்கிறார். ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று பேசி, அறிகுறியில்லாத அடைப்புக்கு அதன் பயன் தெளிவில்லை, ரத்தக்கசிவு அபாயம் உண்டு என்பதால் மருத்துவர் வேண்டாம் என்றார். அழுத்தம் 140க்கு அருகே நிற்கிறது. நினைவுத் தடுமாற்றம் சரியாகவில்லை. இதுவரை கூடவும் இல்லை.

ஆய்வுக்குள்ளும் ஒரு கேள்வி கிளம்பியது. அடைப்புள்ள இவரை ‘நலமாக இருப்பவர்’ குழுவில் வைக்கலாமா? நீக்கினால் கணக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் சர்க்கரையும் அழுத்தமும் உள்ள எல்லோரையும் நீக்கினால், டர்பன் முதியவர்களின் அளவுகோல் என்று நாங்கள் வெளியிடுவது டர்பனில் காண்பதற்கே அரிதானவர்களின் அளவுகோலாகிவிடும். ஆய்வாளர் அவரை நீக்கவில்லை. ரத்தக்குழாய் மாற்றம் உள்ளவர்கள் என்ற தனிப் பிரிவில் வைத்து, இரண்டு விதமாகவும் கணக்கிட்டு வெளியிட முடிவு செய்திருக்கிறார். எனக்கு இதில் முழு உடன்பாடு.

மாறியவை, மாறாதவை

வலிப்பு கிளினிக்கில் மருந்தின் அளவை ஏற்றும் முன் ‘யார் கொடுக்கிறார், காட்டச் சொல்லுங்கள்’ என்பது இப்போது நடைமுறை. முதுமை ஆய்வில், உயர் ரத்த அழுத்தத்தோடு கூடிய பழைய அடைப்பு தெரிவிக்க வேண்டிய பட்டியலில் ஏறிவிட்டது. வீட்டில் தமிழ் பேசும் முதியவர்களுக்கு நினைவுச் சோதனை தமிழில் நடக்கிறது. மதிப்பெண் குறைந்தால் படிப்பைக் காரணம் காட்டும் முன் அன்றாட வேலை ஒன்றைச் செய்யச் சொல்லிப் பார்க்கிறோம்.

மாறாதது, இரண்டு ஆய்வுகளுக்கும் இடையிலான சுவர். அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வரும்போது, ‘உங்களிடம் தெரியும் ஒன்று உங்கள் பராமரிப்பில் இருப்பவரைப் பாதிக்குமானால் அவருடைய மருத்துவரிடம் சொல்லலாமா’ என்று முன்கூட்டியே கேட்கும் வரி ஒன்றை ஒப்புதல் படிவத்தில் சேர்க்க ஆய்வாளர் விண்ணப்பித்தார். நெறிமுறைக் குழுவில் ஒருவர் எதிர்த்தார். பக்கத்தில் மகளோ மருமகளோ இருக்கும்போது எந்த முதியவர் மாட்டேன் என்பார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் அந்த வரியை முதியவரிடம் தனியாக, அவர் மொழியில், சமூகநலப் பணியாளர் கேட்பது, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று எழுதிக் கொடுப்பது என்ற நிபந்தனைகளோடு ஓராண்டுக்கு மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். ஓராண்டு முடிவில் எத்தனை பேர் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதைக் குழுவிடம் கொடுக்க வேண்டும்.